வாழைக்குழியில் பானை, வாசலில் மெட்டல் டிடெக்டர்

கேள்வி: தாண்டிக்குடி அருகே எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மலைவாழைக்குக் குழி எடுத்தபோது கறுப்பு சிவப்புப் பானை ஒன்றும் சில பாசிமணிகளும் கிடைத்தன. பக்கத்திலேயே ஒரு கல்திட்டை, அதாவது இறந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் கற்பலகைகளால் எழுப்பிய அமைப்பு, உண்டு. என் தங்கை மகன் மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் நண்பர்களோடு வந்து, "பட்டா நிலம்தானே, தோண்டிப் பார்ப்போம். இங்கிலாந்தில் பொழுதுபோக்காகவே தோண்டுகிறார்கள். இங்கே மட்டும் எதற்குச் சட்டம்?" என்கிறான். தோண்டலாமா?

பதில்: வேண்டாம். வாழைக்கு வேறு இடம் பாருங்கள்.

பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் மண்ணுக்கடியில் கிடப்பதெல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய் அந்தக் காலத்துக் கணக்கு, இன்று ஒரு டீக்குக் காணாது. ஆனால் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவாகி, வேறு உடன்பாடும் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. குழி வெட்டியது உங்கள் தோட்டத்துத் தொழிலாளி என்றால், அந்த முக்கால் பங்கைக் கேட்கும் உரிமை அவருக்குத்தான் வரலாம். இதை மருமகனிடம் சொல்லிப் பாருங்கள், பாதி உற்சாகம் அங்கேயே வடிந்துவிடும்.

விற்கும் எண்ணமும் வேண்டாம். நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. தோட்டத்து வேலியைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் கருவியோடு போனால் வனத்துறை வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

இங்கிலாந்துக் கதை பாதிதான் உண்மை. அங்கும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பக்கம் கருவியோடு போகக்கூடாது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். யாரிடம் தெரியுமா? சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியிடம்! அமெரிக்காவிலும் மத்திய அரசு நிலத்தில் அனுமதியின்றித் தோண்டுவது 1906 முதலே தண்டனைக்குரிய குற்றம்.

இந்தச் சட்டங்களை எதிர்க்கும் பொழுதுபோக்குக்காரர்கள், "ஏர் உழுது நொறுங்கப்போவதை நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்பார்கள். உழுத மேல்மண்ணில் சிதறிக் கிடக்கும் காசுக்கு அது ஓரளவு பொருந்தும். தகவல் சொன்னால் எந்த அலுவலகமும் எட்டிப் பார்ப்பதில்லை என்ற அவர்கள் புலம்பலும் பொய்யில்லை, நானே ஒரு முறை மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். ஆனால் கல்திட்டை ஈமச்சின்னம். அங்கே எது எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் சேதியே.

உங்கள் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பொருந்தல் என்ற ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழ்ந்த ஓர் ஈமக்குழியில் நான்கு கால் கொண்ட ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். அதே குழியில், தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழ் பிராமி பொறித்த பானைத் தாங்கி. நெல்லின் காலம் கி.மு. 490 என்று கரிமச் சோதனை சொன்னது. அந்த எழுத்தும் அவ்வளவு பழையதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுவதே இரண்டும் ஒரே குழியில் இருந்ததால்தான். நெல்லுக்கு எந்த டிடெக்டரும் ஒலி எழுப்பாது. துருப்பிடித்த இரும்புக் கத்திக்கு எழுப்பும், அதைத் தேடி இறங்கும் கடப்பாரை முதலில் உடைப்பது ஜாடியைத்தான்.

ஒருவர் இப்படி எடுத்த சூதுபவள (சிவப்புக் கல்) மணிகளைக் கழுவி, நைலான் நூலில் கோத்து, மாலையாக என்னிடம் கொண்டுவந்தார். பளபளவென்று அழகாக இருந்தது. எந்த மணி எங்கே கிடந்தது என்று கேட்டேன். விழித்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழியை ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பானை எத்தனை அடி ஆழத்தில் இருந்தது, கல்திட்டையிலிருந்து எத்தனை தப்படி என்று தொழிலாளியிடம் கேட்டு அன்றைய தேதியோடு எழுதிவையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், திண்டுக்கல் கலெக்டருக்கு மனு கொடுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்கு நகல் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் வேலையை மருமகனிடமே விடலாம். பானையைக் கழுவாதீர்கள், உடைந்த இடத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், உள்ளே இருக்கும் மண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் கொட்டிவிடாதீர்கள்.