நேர்காணலில் “புதுமையாக என்ன மாற்றினீர்கள்?” என்று கேட்டால்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி யூனிட்டில் நான்கு ஆண்டுகளாக லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெரிய நிறுவனங்களில் புரொடக்‌ஷன் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு இரண்டு முறை நேர்காணலுக்குச் சென்றேன். இரண்டிலும், “வேலை நடக்கும் முறையைப் புதுமையாக மேம்படுத்திய அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டார்கள். முதல் முறை, “5எஸ் (பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறை) கொண்டுவந்தேன், உற்பத்தி 30 சதவீதம் உயர்ந்தது” என்று படித்து வைத்திருந்ததைச் சொன்னேன், “எதிலிருந்து எவ்வளவுக்கு?” என்றதும் திணறிவிட்டேன். அடுத்த முறை, “அப்படி எதுவும் இல்லை” என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். லேபிள் வைக்கும் இடத்தில் சைஸ் மாறிப்போவதைத் தடுக்க, ஒவ்வொரு சைஸ் பண்டலையும் ஒவ்வொரு நிற நூலால் கட்டச் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டுமே மேசையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். எங்கள் லைனில் இந்தத் தவறால் மட்டும் நாளொன்றுக்கு 45 அளவில் வந்துகொண்டிருந்த ஆல்டர் பீஸ் (பிரித்துத் திருத்த வேண்டிய ஆடை) 12 ஆகக் குறைந்தது. இதையெல்லாம் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? 6,000 ரூபாய் கொடுத்தால் இந்தக் கேள்விக்கு மாதிரிப் பதில்களும், தேவைப்பட்டால் அனுபவச் சான்றிதழும் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த 6,000 ரூபாயை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் நிற நூல் பற்றிய பகுதி இருக்கிறதே, அதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பின்னலாடை ஆலைகளின் நேர்காணல் குழுக்களில் அமர்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிற நூல் கட்டியதைச் சொல்லும் ஒருவரைத்தான் நாங்கள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருப்போம்.

உங்களைக் குழப்புவது கேள்வியில் இருக்கும் ‘புதுமை’ என்ற சொல். புது இயந்திரமோ கணினி மென்பொருளோ வாங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். தவறுகளைத் தடுக்கும் முறைகளுக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நிகழ்வு 1961இல் ஜப்பானில் யமாடா எலக்ட்ரிக் ஆலையில் நடந்தது. இரண்டு பொத்தான்கள் உள்ள ஒரு சிறிய சுவிட்சில், ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் சில நேரம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். எத்தனை முறை கண்டித்தும் அது நிற்கவில்லை. ஆலோசகர் ஷிகியோ ஷிங்கோ சொன்ன வழி இவ்வளவுதான்: பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்குகளை முதலில் ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வேலையைத் தொடங்குங்கள், முடித்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறந்தது உடனே தெரிந்துவிடும். செலவு ஒரு தட்டு. உங்கள் நூலும் அந்தத் தட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆளின் கவனத்தை நம்பியிருந்த ஒரு வேலையை, கண்ணில் படும் ஓர் அடையாளத்திடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். நேர்காணலில் இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் சொற்களில் சொல்லிவிட்டால், ‘புதுமை’ எங்கே என்று எவரும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

அடுத்தது எண்கள். “30 சதவீதம்” என்றதும் நீங்கள் மாட்டிக்கொண்டது இயல்பே, ஏனென்றால் அந்த எண் உங்களுடையது அல்ல. 45, 12 என்பவை உங்களுடையவை. ஆனால் அவற்றை அப்படியே விட்டுவிடாமல் நேரமாக மாற்றிச் சொல்லுங்கள். தவறான லேபிளைப் பிரித்து மறுபடி தைக்க ஒரு பீஸுக்கு நான்கு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், குறைந்த 33 பீஸுக்கு 132 நிமிடம். அதாவது ஒரு டெய்லரின் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு தினமும் மிச்சம். உங்கள் லைனில் அது நான்கு நிமிடமா, ஆறு நிமிடமா என்பதை நாளைக்கே கடிகாரம் வைத்துப் பாருங்கள். இந்த எண்கள் செக்கிங் ரிப்போர்ட்டில் வந்தவையா, நீங்களே எண்ணியவையா, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை வாரங்களின் சராசரி என்பவற்றையும் தெரிந்து வைத்திருங்கள். அதற்காக ரிப்போர்ட்டைக் கைப்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்ல வேண்டாம். பையர் (ஆடை வாங்கும் நிறுவனம்) பெயரும் ஆர்டர் விவரமும் வெளியே போவதை எந்த நிறுவனமும் விரும்பாது, உங்களை வேலைக்கு எடுக்கப்போகும் நிறுவனம் உட்பட.

அனுபவமுள்ளவர்கள் கேட்கும் துணைக்கேள்வி பெரும்பாலும் ஆட்களைப் பற்றியதாக இருக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு, நூலைப் பிரிப்பதும் ஒரே நிறத்துக்காகக் காத்திருப்பதும் கூலி இழப்பு. அவர்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள்? பிரிக்கும் வேலையை, டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடிக்கும் பெண்ணிடம் கொடுத்தீர்களா, ஆல்டர் தைப்பதற்குக் கூலி கிடையாது என்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்டினீர்களா, அல்லது லைனில் மூத்த அக்கா ஒருவரை முதலில் இணங்க வைத்தீர்களா? எதைச் செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள். நிற நூல் யோசனையே அந்த அக்காவுடையது என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். லைனில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளும் சூப்பர்வைசர் எங்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. பாதுகாப்புக்காகவோ தரத்துக்காகவோ வைக்கப்பட்ட ஒரு படியைத் தவிர்த்து வேகம் கூட்டியதை ஒருபோதும் மேம்பாடாகச் சொல்லாதீர்கள். ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்: இயந்திரத்தை நிறுத்தி, உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, அதன் பிறகுதான் புது ஊசி வாங்க வேண்டும், ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தப் பீஸ்களைத் தனியே ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். இதில் நேரம் வீணாகிறது என்று சூப்பர்வைசரே மேசையில் உபரி ஊசிகளை வைத்துக் கொடுத்ததை, நேர்காணலில் பெருமையாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் சட்டைக்குள் ஊசி முனையோடு ஒரு பீஸ் கப்பல் ஏறினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஓவர்லாக் தையல் இயந்திரத்தின் கண் காப்பைக் கழற்றியது, ஆடிட் நாளுக்கு மட்டும் ஒரு முறையும் மற்ற நாளுக்கு வேறொரு முறையும் வைத்தது, மெட்டல் டிடெக்டரில் கடைசி சில பெட்டிகளைச் செலுத்தாமல் விட்டது ஆகிய எல்லாம் இந்த வகையே. அப்படிப்பட்ட படி உண்மையிலேயே காலதாமதமாக இருந்தால், ஊசி கொடுக்கும் இடத்தை லைனுக்கு அருகே கொண்டுவர அனுமதி கேட்டது மேம்பாடு. பதிவேட்டைத் தாண்டியது குற்றம். சட்டை தைப்பதில் மட்டுமல்ல, மருந்து ஆலைக்கோ உணவு ஆலைக்கோ நேர்காணலுக்குப் போகும் உங்கள் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அங்கே எழுதி வைத்த செய்முறையை அனுமதி இல்லாமல் மாற்றினேன் என்று ஒருவர் சொன்னால் நேர்காணல் அந்த நொடியோடு முடிந்துவிடும்.

இனி கன்சல்டன்சிக்கு வருகிறேன். ஆள் எடுக்கும் நிறுவனத்திடம் கட்டணம் வாங்குவதுதான் ஒழுங்கான கன்சல்டன்சியின் தொழில். வேலை தேடுபவரிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மாதிரிப் பதில் கட்டணம் என்று வாங்குபவருக்கு, உங்களுக்கு வேலை கிடைப்பதால் எந்தப் பயனும் இல்லை. கிடைக்காமல் இருந்தால்தான் நீங்கள் திரும்ப வருவீர்கள். அவர்கள் கொடுக்கும் பதில் எதுவென்று எனக்கு மனப்பாடம், ஏனென்றால் அதைத்தான் ஒரே நாளில் வரும் பலரும் ஒப்பிக்கிறார்கள். ‘30 சதவீதம்’ கூட எல்லோருக்கும் ஒன்றே. சான்றிதழ் விஷயம் இதைவிட மோசம். வருங்கால வைப்பு நிதிக்கான (பிஎஃப்) உங்கள் 12 இலக்க யுஏஎன் எண்ணில், எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்ற விவரம் பதிவாகியிருக்கும்; நீங்கள் வாங்கும் போலிச் சான்றிதழை அது ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மோட்டோரோலாவில் 1986இல் உருவான, தவறுகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையை, மாதக்கணக்கில் அளவெடுத்துச் செய்ய வேண்டிய ஒன்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ‘பெல்ட்’ என்ற தகுதிச் சான்றிதழ் கொடுத்து முடித்துவிடுபவர்களும் இதே கடைவீதியில்தான் இருக்கிறார்கள்.

இந்த வியாபாரம் நடப்பதற்கு எங்கள் தரப்பும் காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. எங்கிருந்தோ எடுத்த கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு, லைனுக்குள் ஒரு நாள் கூட நின்றிராத ஒருவர் “புதுமை” என்று கேட்கிறார். பதிலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கல்லூரிகளோ சூழல், பணி, செயல், விளைவு என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லி மாணவர்களை அனுப்புகின்றன. அந்த வரிசை தவறல்ல, ஆனால் நிரப்புவதற்கு ஒரு சம்பவம் வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் சம்பவம் இருக்கிறது. லேபிள் மாறியதால் என்ன இழப்பு ஏற்பட்டது என்பதில் தொடங்குங்கள். கண்டித்தும் ஏன் நிற்கவில்லை, நூல் யோசனை எப்படி வந்தது, யார் மறுத்தார்கள், எண் எவ்வளவு குறைந்தது, இன்றும் அந்த முறை தொடர்கிறதா என்று வரிசையாகச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் 12 ஏன் போகவில்லை என்று கேட்பார்கள்; நெருங்கிய நிறங்கள் இரவு ஷிப்டில் குழம்புகின்றனவா என்பது போன்ற ஒரு காரணத்தை இப்போதே லைனில் கண்டறிந்து வையுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறினால், “தமிழில் விளக்கலாமா?” என்று அனுமதி கேட்பதில் தவறில்லை, நம் ஊர் ஆலை மேலாளர்களில் பெரும்பாலோர் தமிழில்தான் லைனை நடத்துகிறார்கள். முழுவதையும் இரண்டு நிமிடத்துக்குள், பின்னலாடைத் தொழிலே தெரியாத ஒருவரிடம் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்கிறாரோ அந்த இடத்தில் மட்டும் இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.