பிளஸ் டூவுக்குப் பின் வானியல்: தயங்கும் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பொறியியல் வேண்டாம், பிற நட்சத்திரங்களைச் சுற்றும் புறக்கோள்களை ஆராயப் போகிறேன் என்று உங்கள் மகள் சொல்வதையும், "வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு கிடைக்குமா" என்று நீங்கள் கேட்பதையும் கடிதத்தில் படித்தேன். இத்துறையில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு, ஐயா. பெரும்பாலோர் பார்ப்பது எண்களைத்தான்.

1999இல் ஹெச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தை, வெறும் 10 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியால் தொடர்ந்து அளந்தபோது, அதன் ஒளி சில மணி நேரம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு குறைந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும் கோள் ஒன்று குறுக்கே கடந்ததால், ஒளியளவைக் காட்டும் வரைபடத்தில் விழுந்த பள்ளம் அது. அளந்தவர்களில் ஒருவரான டேவிட் சார்போனோ அப்போது முனைவர் பட்ட மாணவர். இதுவே பூமி அளவுள்ள கோள் சூரியன் போன்ற நட்சத்திரத்தைக் கடந்தால், ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. நட்சத்திரத்தின் கரும்புள்ளிகளே அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கத்தை உண்டாக்கிவிடும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து கோளைப் பிரித்தெடுக்கப் புள்ளியியலும் நிரல் எழுதும் பழக்கமும் வேண்டும். ஆய்வை விட்டு வெளியேற நேர்ந்தாலும், தரவுப் பகுப்பாய்வு வேலைகளுக்கு இவை அப்படியே கைகொடுக்கும்.

ஆகவே ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். இத்தகைய கோள்களைத் தேட 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் அளவீடுகளை இணையத்தில் எவரும் இலவசமாக எடுக்கலாம். இந்த விடுமுறையில் உங்கள் மகளே பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி ஒரு பள்ளத்தைக் கண்டுபிடிக்கட்டும். "இது கோளா, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரமா" என்று அவரே குழம்பத் தொடங்கினால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். வண்ணப் படங்களில் மட்டுமே மனம் நிற்குமானால், அது பொழுதுபோக்காக இருப்பதே நல்லது.

ஒளியை வெளியிடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அது இன்னும் பொறுமை கேட்கும் துறை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 10 டன் திரவ செனானை வைத்துத் தேடும் லக்ஸ்-செப்லின் கருவியிலும் கரும்பொருள் துகள் சிக்கியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் "இந்த எல்லைக்குள் இல்லை" என்று நிறுவுவதும் முடிவுதான். அதற்கும் முனைவர் பட்டம் உண்டு.

இளநிலையில் இயற்பியலையே எடுக்கச் சொல்லுங்கள். வானியல் என்று பெயர் சூட்டிய பட்டத்தைவிட அது பல கதவுகளைத் திறந்து வைக்கும். பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடிக்க ஐந்தாண்டு, ஆய்வுக்கு இன்னோர் ஐந்தாண்டு ஆகும். முனைவர் பட்ட ஆய்வுக்கான நுழைவுத் தேர்வுகளான ஜெஸ்ட் அல்லது நெட் வழியாகச் சேர்ந்தால், தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைப்பது வழக்கம். ஆய்வுக் காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. அதன்பின் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு என்பதையும், சில ஆண்டுகள் வெளிநாட்டில் தற்காலிக ஆய்வாளராக இருக்க நேரலாம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களான ஐசர்களுக்கான ஐ.ஏ.டி., புவனேஸ்வரில் உள்ள நைசருக்கான நெஸ்ட் ஆகிய இரண்டு நுழைவுத் தேர்வுகளுக்கும் பிளஸ் டூ படிக்கும்போதே தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. பரபரப்பில் இந்தக் கடைசித் தேதிகளைத் தவறவிட்டு, ஜூனில் என்னிடம் வரும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு. இரண்டையும் இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.