63 வயசுல மரம் ஏறலாமா?

கேள்வி: வாக்கிங் போய்ப் போய் போரடிச்சிடுச்சு சார், சின்ன வயசு மாதிரி மரம் ஏறினா நல்ல எக்சர்சைஸ்தானே? பசங்க திட்றாங்க. எனக்கு வயசு 63.

பதில்: தாராளமா ஏறலாம் சார், ஆனா பசங்க திட்றதுலயும் பாதி நியாயம் இருக்கு. கைப்பிடி, தோள், தொடை, பேலன்ஸ்னு எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல வேலைதான், ஆனா பிரஷர் மாத்திரையால எழுந்திரிக்கும்போது தலை சுத்துது, எலும்பு பலவீனம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட கேக்காம மரத்து பக்கமே போகாதீங்க.

பட்டை உரிஞ்சு, அடியில காளான் முளைச்ச மரம் வேண்டாம், மழை ஈரத்துல எந்த மரமும் வேண்டாம். ரெண்டு கை ரெண்டு கால்ல மூணு எப்பவும் மரத்துலயே இருக்கணும், ஒண்ணுதான் நகரணும், மிதிக்கிறது கிளை தண்டோட சேர்ற இடத்துல, நுனிப்பக்கம் போகவே கூடாது. ஏறுறத விட இறங்குறதுதான் வில்லங்கம், அடுத்த கால் எங்க வைக்கிறோம்னே தெரியாது, அதனால முதல்ல ரெண்டடி மட்டும் ஏறி இறங்கிப் பழகுங்க. அதுக்கு மேலன்னா ஹார்னஸ் (உடம்புல மாட்டிக்கிற பாதுகாப்பு பெல்ட்), கயிறு, ஹெல்மெட், கூடவே இது தெரிஞ்ச ஆள் ஒருத்தர். மேல உக்காந்து செல்ஃபி எடுக்கிற ஆசைய மட்டும் விட்ருங்க!