வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: இணையத்தில் "கையால் வரைந்த அசல் பட்டுச் சேலை" 39 வெள்ளி. வாங்கலாமா?

பதில்: 39 வெள்ளிக்குப் பட்டா? வேண்டாம்.

கேள்வி: பழைய சாமான் கடையில் பூப்போட்ட படுக்கை விரிப்பு, 180 வெள்ளி. மரக்கட்டையால் கையில் அச்சடித்தது என்றார் கடைக்காரர். நீளவாக்கில் முடி கனத்தில் ஒரு நீலக் கோடு ஓடுகிறது. "கைவேலை என்றால் அப்படித்தான்" என்கிறார். உண்மையா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அந்தக் கோடுதான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது, அம்மா. கட்டையை எடுத்தெடுத்து வைத்தால் கோடு இப்படி விடாமல் ஓடாது. இது செம்பு உருளை அச்சு. ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் பெல் 1783-இல் காப்புரிமை பெற்ற முறை. உருளையில் பூவைப் பள்ளமாகச் செதுக்கி, மேலே சாயம் ஏற்றுவார்கள். மெல்லிய எஃகுத் தகடு ஒன்று மேற்பரப்பைச் சுத்தமாக வழித்துவிடும். கொத்திய அம்மியை வழித்தாலும் குழிக்குள் மசாலா தங்குமே, அப்படிப் பள்ளத்தில் தங்கிய சாயம்தான் அழுத்தும்போது துணியில் ஏறுகிறது. தகட்டின் விளிம்பில் சின்னப் பிசிறு விழுந்தால் போதும், அங்கே சாயம் வழிக்கப்படாமல் நிற்கும். துணி ஓட ஓடக் கோடும் ஓடும். ஒரு நிறத்துக்கு ஓர் உருளை. உங்கள் துணியில் கெட்டது நீல உருளையின் தகடு.

இன்றைய ஆலைகளில் செம்பு உருளை அபூர்வம். ஆகவே துணி பழசு என்பது மட்டும் நிஜமாக இருக்கலாம்.

இந்தக் 'கைவேலை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். பாசார் மாலாமில் 60 வெள்ளி கொடுத்து 'கைப் பாத்திக்' சட்டை வாங்கினேன். வீட்டில் உள்பக்கம் திருப்பினால் வெள்ளை வெளேர்! மெழுகு பிடித்துச் சாயத்தில் முக்கிய துணி என்றால் இரண்டு பக்கமும் பூ தெரிய வேண்டும். கடையிலேயே திருப்பிப் பார்க்க எனக்கு என்ன கேடு?

ரசீதில் 'கைவேலை' என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் முதலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை.

கேள்வி: தீபாவளிக்கு எடுத்த கைலி முதல் துவைப்பிலேயே சாயம் போய், வெள்ளைச் சட்டைகள் எல்லாம் சிவப்பு. கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை.

பதில்: அந்தப் பலகை 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை விடப் பெரியதில்லை. கைலியையும் ரசீதையும் கொண்டுபோய்க் கேளுங்கள். ஆனால் புதுக் கைலியை வெள்ளைச் சட்டையோடு ஊறப் போட்டது யார்? கைலிக்கு வாதாடுவேன், சட்டைக்கு மாட்டேன்.