லால்குடி ஜெயராமனின் வில்: கேள்வி பதில்

கேள்வி: கர்நாடக வயலின் கலைஞர் லால்குடி வாசித்தால் பாடுவது போலவே இருக்கிறதே, விரலில் என்ன செய்தார்?

பதில்: வில்லைக் கவனியுங்கள். சாகித்யச் சொல்லை, அதாவது பாட்டு வரியின் சொல்லை, ஒட்டியே அது திரும்பும். அவர் இயற்றிய சாருகேசி ராகப் பதவர்ணம் (நடனத்துக்கும் ஏற்ற உருப்படி) ‘இன்னும் என் மனம்’ எடுத்துத் தாளம் போட்டு முதலில் வாயால் பாடுங்கள். ‘இன்னும்’ ஒரு வில், ‘என்’ அடுத்தது. ‘மனம்’ நீளும்போது நடுவில் திருப்ப நேர்ந்தால், அழுத்தத்தைக் குறைத்துத் திருப்புங்கள். இடது விரலின் கமகம், அதாவது ஸ்வர அசைவு, நிற்கக்கூடாது. அழுத்தினால் ‘ம’ தனியாக, ‘னம்’ தனியாகக் கேட்கும். பெரும்பாலோருக்குச் சொல் உடைவது இங்கேதான்.

கேள்வி: சார், வயலின் தந்திகளை மேற்கத்திய முறைச் சுருதியில் வைத்தால் பாட்டு ஒட்டவில்லை.

பதில்: ஒட்டாது. அங்கே நான்கு தந்திகளுக்கு இடையிலான மூன்று இடைவெளியும் ச-ப (ஷட்ஜம்-பஞ்சமம்). நமக்குத் தடித்த தந்தியிலிருந்து ச-ப-ச-ப. நடு இடைவெளி ப-ச. தம்புராவோடு இரண்டு ஷட்ஜங்களையும் சேர்த்த பிறகு பஞ்சமங்களுக்கு வாருங்கள். சுருதியை மிகவும் இறக்கினால் தந்தி தொய்ந்து உறுமும். தடித்த தந்தி போடுங்கள்.

கேள்வி: வயலின் நழுவுகிறது.

பதில்: தரையில் உட்கார்ந்து, வயலினின் சுருள் முனை வலது கணுக்காலில், அடிப்பாகம் இடது காறை எலும்பருகே. சரிபார்க்க இடது கையை எடுத்துப் பாருங்கள். வயலின் நிற்க வேண்டும். கை தாங்கினால் ஜாரு (விரல் வழுக்கிச் செல்லும் கமகம்) வராது.

கேள்வி: எந்த வயலின் வாங்கலாம்?

பதில்: ஆசிரியரைக் கூட்டிப்போய் வாங்குங்கள்.

கேள்வி: வயலினில் பறூர் பாணிதான் உயர்ந்தது, அந்தப் பாணியின் எம்.எஸ்.ஜி. ஒற்றைத் தந்தியில் செய்ததை லால்குடி செய்யவில்லையே?

பதில்: எம்.எஸ்.கோபாலகிருஷ்ணனின் ஒற்றைத் தந்தி ஓட்டம் பெரிய சாதனை. இந்துஸ்தானியும் அவருக்குக் கைவந்தது. லால்குடியின் தேடல் சாகித்யத்தில். ஒருவர் அளவுகோலால் மற்றவரை அளப்பது நியாயமில்லை.

கேள்வி: அப்படியானால் வயலினைத் தனிக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் லால்குடிதானே?

பதில்: இல்லை. வயலின் மேதை துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடு 1964-இல் மறைந்தவர். அதற்கு வெகுகாலம் முன்பே அவர் தனிக் கச்சேரி செய்து புகழ்பெற்றார். லால்குடியின் பெருமைக்கு இந்தப் பொய்ப் பட்டம் தேவையில்லை. 1966-இல் என்.ரமணியின் குழலோடும் ஆர்.வேங்கடராமனின் வீணையோடும் அவர் அமைத்த வயலின்-வேணு-வீணைக் கச்சேரியே போதும்.

கேள்வி: தொடக்க வயலின் எது நல்லது?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: லால்குடியின் மோகனகல்யாணி தில்லானாவுக்கு எந்த அடவு (நடன அசைவு) பொருந்தும்?

பதில்: நாட்டிய ஆசானான நட்டுவனாரைக் கேளுங்கள்.

கேள்வி: பதிவைக் கேட்டு ஸ்வரம் எழுதி வாசிக்கலாமா?

பதில்: ஸ்வரம் மட்டும் போதாது. மேலே சொல், கீழே ஸ்வரம், வில் திரும்பும் இடத்தில் கோடு. இந்த மூன்றும் தாளில் வந்த பிறகு வில்லைத் தொடுங்கள்.