பெய்ஜிங்கில் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கு வரும் பள்ளி மாணவர்களுடன் ஒருநாள் தன்னார்வலராக இருந்தால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்?

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிகழ்ச்சிநிரலை எடுத்துக்கொள்வோம்: வெளிநாட்டிலிருந்து 20 மாணவர்கள் வருகிறார்கள். காலையில் அரண்மனை அருங்காட்சியகம் (சீனப் பேரரசர்கள் வாழ்ந்த பழைய அரண்மனை), மதியத்துக்கு மேல் உள்ளூர்ப் பள்ளியில் தூரிகை எழுத்தும் ஜியாவ்ட்சு (சீனக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்) செய்வதும். வரலாறு சொல்ல வழிகாட்டி இருப்பார். கடவுச்சீட்டு, கழிவறை, தண்ணீர், தலை எண்ணிக்கை ஆகியவைதான் உங்கள் பொறுப்பு.

அரண்மனைக்கு வாசலில் போய்ச் சீட்டு வாங்க முடியாது. ஏழு நாள் முன்பு, இரவு 8 மணிக்கு இணையத்தில் முன்பதிவு திறக்கும். கோடை விடுமுறையில் சீக்கிரமே தீர்ந்துவிடும். பொது விடுமுறை தவிர்த்த திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். ஒவ்வொரு சீட்டும் கடவுச்சீட்டு எண்ணோடு இணைந்தது, எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் அந்த மாணவர் வாயிலில் நிற்க வேண்டியதுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் குழுவில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இனிஷியல் வைக்கும் வழக்கத்தால் சிலர் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், படிவமோ அதைக் கேட்கும். ஆகவே பட்டியலை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து வாங்காமல், கடவுச்சீட்டுப் பக்கத்தின் படத்தையே வாங்கிப் பாருங்கள். அன்று காலை அசல் கடவுச்சீட்டு ஆளாளிடம் இருக்கிறதா என்று பேருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். நகல் செல்லாது.

உள்ளே தெற்கிலிருந்து வடக்கே ஒருவழிப் பாதை. நுழைவு வூமென் வாயிலில் மட்டும். வடக்கே ஷென்வூமென் வழியாகவோ கிழக்கு வாயில் வழியாகவோ வெளியேறலாம். நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், நேர்க்கோட்டில் நடந்தாலே இரண்டு மணி நேரம் ஆகும். “தொலைந்தால் நுழைவாயிலுக்கு வா” என்று சொல்லிவிடாதீர்கள், கூட்டத்தை எதிர்த்து யாரும் திரும்ப முடியாது. வெளிமண்டபங்களும் உள்மாளிகைகளும் பிரியும் சியென்சிங் வாயில் முன்முற்றத்தைச் சந்திக்கும் இடமாகச் சொல்லுங்கள். முன்பக்கப் பெரிய முற்றத்தில் ஒரு மரமும் இல்லை. ஜூலை வெயிலில் வழிகாட்டி அங்கே நிறுத்தி அரை மணி பேசினால் இரண்டு பேராவது தலைசுற்றி உட்காருவார்கள். நிழலில் நின்று பேசச் சொல்லுங்கள்.

எண்ணுவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, வாயில்தோறும் சீனத்தில் வரிசையாகச் சொல்லவையுங்கள். ஒற்றைக் கையிலேயே பத்து வரை காட்டும் சீன முறையையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் நீட்டினால் எட்டு, இதை இரண்டு என்று நினைத்துக் கடையில் குழம்புகிறவர்கள் உண்டு. நீங்கள் கடைசி ஆளாகவே நடங்கள். கழிவறைக்குக் காகிதம் கையில் இருக்கட்டும்.

எழுத்து வகுப்பில் முதலில் கெடுவது தூரிகைதான். புதுத் தூரிகை பசை போட்டு விறைப்பாக வரும். வெதுவெதுப்பான நீரில் முடியை மட்டும் நனைத்துப் பசையைக் கரைக்க வேண்டும். கொதிநீர் கூடாது, முடி அடியோடு கழன்றுவிடும். மென்முடியும் வன்முடியும் கலந்த நடுத்தரத் தூரிகை தொடக்கக்காரருக்கு ஏற்றது. முதல் அரை மணி நேரத்துக்கு மை வேண்டாம். வெறும் தண்ணீரால் எழுதும் துணி விற்கிறது, காய்ந்ததும் எழுத்து மறையும். பிறகு மூங்கில் கூழில் செய்த மஞ்சள் பயிற்சித்தாள், கடைசி ஒரு தாளுக்கு மட்டும் நல்ல சுவான் தாள் (தூரிகை எழுத்துக்கான மரபுத் தாள்). அது மையை இழுத்துப் பரப்பும், கை தயங்கினால் அந்த இடத்தில் குளம் கட்டிவிடும். ‘என்றென்றும்’ என்று பொருள்படும் ‘யோங்’ எழுத்தில் அடிப்படைக் கீற்றுகள் எட்டும் இருப்பதால் பயிற்சி அதிலிருந்தே தொடங்கும். மை துணியில் பட்டால் போகாது, பழைய சட்டை அணியச் சொல்லுங்கள். பெயர்களைச் சீன எழுத்தில் மாற்றும்போது ஒலி மட்டும் பார்த்தால் அசட்டுப் பொருள் வந்துவிடும், ஆசிரியர் ஒருமுறை பார்க்கட்டும். யார் பெயரையும் சிவப்பு மையில் எழுதக்கூடாது.

சமையலுக்குக் கணக்கு: 500 கிராம் கோதுமை மாவு, 250 மில்லி குளிர்ந்த நீர், 55 மாவு வட்டங்கள் தேறும். உள்ளூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து 40 பேர், ஆளுக்குப் பத்து என்றால் ஏறத்தாழ 3.7 கிலோ மாவு. பிசைந்த மாவை 30 நிமிடம் மூடிவைக்காவிட்டால் தேய்த்த வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். விளிம்பு மெல்லிசாக, நடு சற்றுத் தடிப்பாக இருக்க வேண்டும். பூரணம் ஒரு தேக்கரண்டி போதும், எல்லாரும் அதிகமாகத்தான் வைப்பார்கள். விளிம்பில் எண்ணெய் பட்டால் ஒட்டாது, கொதிக்கையில் வாய் பிளக்கும். முட்டைக்கோஸ் பூரணமானால் உப்பிட்டுப் பிழிந்துவிடுங்கள், இல்லையேல் நீர்விட்டு அடி கிழியும். பானையில் போட்டவுடன் கரண்டியின் முதுகால் தள்ளிவிட வேண்டும். கொதி பொங்கும்போது ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள், இறைச்சிப் பூரணமானால் இப்படி மூன்று முறை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப்பானை, தனிக்கரண்டி வையுங்கள். ‘இறைச்சி இல்லை’ என்றால் பன்றிக்கொழுப்பும் சிப்பிச் சாறும் கோழித்தூளும் இல்லை என்று பொருளாகாது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுத்து, சீனத்தில் எழுதிய சீட்டை முந்தின நாளே சமையலறையில் கொடுங்கள். சமண மாணவர்கள் வந்தால் சீன பௌத்தச் சைவ உணவுமுறை கைகொடுக்கும், அதில் வெங்காயமும் பூண்டும் சேராது. முட்டையும், சமணர் தவிர்க்கும் கிழங்கு வகைகளும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசு மாற்றிக்கொள்வதில் கடிகாரமும் குடையும் வேண்டாம். சீனத்தில் ‘கடிகாரம் கொடுப்பது’ இறுதிக் கடன் செய்வதைப் போலவும், ‘குடை’ பிரிவைப் போலவும் ஒலிக்கும். நான்கு நான்காகக் கட்டாதீர்கள், அது சாவுக்கு நெருங்கிய ஒலி. இரு கையாலும் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கியவர் உடனே பிரிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் முகம் சுளிக்க வேண்டாம். கொடுத்தவர் போன பிறகு பிரிப்பதே பழைய வழக்கம்.