முன்பல் கேப் முறிந்தது: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 54. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இருபக்கமும் எப்போதோ பிடுங்கியாகிவிட்டது. முன்பற்களாலேயே மென்றதில் அவை தேய்ந்து உடைந்தன. தனியார் கிளினிக்கில் மேல் முன்பற்கள் ஆறுக்கும் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். 78,000 ரூபாய் செலவு. ஏழே மாதத்தில் இரண்டு கேப்கள் பல்லோடு முறிந்துவிட்டன. "கடினமானதைக் கடித்திருப்பீர்கள்" என்கிறார் மருத்துவர். கடைவாயில் முதலில் பல் கட்டியிருக்க வேண்டும் என்கிறார் இன்னொரு மருத்துவர். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கேப் முறிந்தது மட்டுமே அலட்சியத்துக்கு ஆதாரம் ஆகாது. அலட்சியத்தை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

மெல்லும் பாரத்தைத் தாங்குவது கடைவாய்தான். அது இல்லாதபோது முழு பாரமும் முன்பற்களில் விழும். அதனால்தான் பொதுவாக, கழற்றி மாட்டும் பல்செட்டாவது வைத்துக் கடியை நிலைப்படுத்திவிட்டு முன்பக்கம் வருவார்கள். முன்பற்களை முதலில் உயர்த்திக் கட்டும் முறையும் உண்டு. எதிர்த்தரப்பு அதைச் சொல்லும். 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, துறையில் ஏற்கப்பட்ட ஒரு வழியை மருத்துவர் தேர்ந்தெடுத்தால் அது அலட்சியம் ஆகாது. ஆனால் முன்பற்களை முதலில் உயர்த்தும் அந்த முறை, பின்பற்கள் வளர்ந்து வந்து சந்திக்கும் என்ற நம்பிக்கையில் செய்வது. கீழே கடைவாய்ப் பல்லே இல்லாத வாயில் அந்த வாதம் நிற்பது கஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கையில் இருக்கும் பலமான விஷயம் வேறு. கடைவாயில் பல் கட்டாவிட்டால் கேப் முறியலாம் என்று உங்களிடம் முன்கூட்டியே சொன்னார்களா? மாற்று வழிகளையும் ஆபத்தையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2008இல் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு. அவர்கள் சொல்லியும் செலவுக்காக நீங்கள் மறுத்திருந்தால், அது கேஸ் ஷீட்டில் (சிகிச்சைக் குறிப்பில்) இருந்தால், வழக்கு பலவீனமாகிவிடும். இதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். முறிந்த பற்களை மறுபடி கட்டுவதற்கு முன் புகைப்படம், எக்ஸ்-ரே, பல் அச்சு எல்லாம் எடுத்துவையுங்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். புதிய கேப் ஏறிவிட்டால் பழைய நிலையைக் காட்ட எதுவும் மிஞ்சாது. செயற்கைப் பல் சிகிச்சையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்தவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கருத்து வாங்குங்கள். வாய்மொழியாக இன்னொரு மருத்துவர் சொன்னது நுகர்வோர் ஆணையத்தில் செல்லாது. பழைய கிளினிக்கில் கேஸ் ஷீட், சம்மதப் படிவம், பில் ஆகியவற்றின் நகல்களையும் பதிவுத் தபாலில் கேளுங்கள்.

அப்புறம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். காலக்கெடு 2 ஆண்டு. கேப் முறிந்த நாளிலிருந்து எண்ணாமல், போட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. கிளினிக் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தால் வாங்கலாம். ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அவர்கள் நீட்டும் தாளில், மறுசிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.